ஊசி போட்ட பின் அந்த ஊசியை எங்கே போடுவது?

(உலக நீரிழிவு நாளையொட்டி 2024 நவம்பரில் நமது அறக்கட்டளை திருச்சியில் நடத்திய குடும்ப நலக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை. வர இயலாத குடும்பங்களுக்காக இங்கே தரப்படுகிறது.)





சற்று முன் டாக்டர் அவர்கள் சர்க்கரை நோயைப் பற்றி நமக்கெல்லாம் விளங்கும்படி பேசினார்கள். சாப்பாடு, நடை, மாத்திரை, பாதத்தைப் பார்த்துக்கொள்ளும் முறை, இன்சுலின் எங்கே எப்படிப் போடுவது என்று எல்லாவற்றையும் சொன்னார்கள். அதற்கு அடுத்த ஒரு நிமிடத்தைப் பற்றி மட்டும் நாங்கள் பேசப் போகிறோம். ஊசி போட்டாயிற்று. கையில் அந்த ஊசி இருக்கிறது. அதை எங்கே போடுகிறோம்?

எங்களிடம் மருத்துவ உதவிக்கு வரும் குடும்பங்களிடம் இதைக் கேட்டோம். "குப்பைக் கூடையில்தான்" என்றார்கள் பலர். "பால் கவரில் சுற்றிப் போடுவோம்" என்றார்கள் சிலர். "பாத்ரூமில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுவோம்", "பேப்பரோடு சேர்த்துக் கொளுத்திவிடுவோம்", "பாலத்தில் போகும்போது பையோடு ஆற்றில் போட்டுவிடுவோம்" என்றும் பதில் வந்தது. ஒரு பெரியம்மா சொன்னார்: "மொட்டை மாடியில் ஒரு டின்னில் நாலு வருஷமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன் தம்பி. யார் கையிலாவது குத்திவிடுமோ என்று பயம். என்ன செய்வதென்று யாரும் சொல்லவில்லை."

அந்தப் பெரியம்மாவுக்குப் பதில் சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது. இன்றைய பேச்சு அதற்குத்தான்.

எத்தனை ஊசி?

நம் நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோர் சர்க்கரை நோயோடு வாழ்கிறார்கள் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்விலிருந்து 2023-இல் வெளிவந்த கணக்கு. எல்லாரும் ஊசி போடுபவர்கள் இல்லை. ஆனால் காலையும் இரவும் இன்சுலின் போடும் ஒருவர், ஒவ்வொரு தடவையும் புது ஊசி எடுத்தால், மாதத்துக்கு 60 ஊசி, வருடத்துக்கு 730 ஊசி. ஒரு முஹல்லாவில் இப்படி 50 பேர் இருந்தால் வருடத்துக்கு 36,500 ஊசி. விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்கும் சின்ன ஊசிகளை இதில் சேர்க்கவில்லை.

இன்சுலின் மட்டுமா? பிரசவத்துக்கு முன்னும் பின்னும் இரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் போடும் ஊசி, வீட்டுக்கே நர்ஸ் வந்து ஏற்றும் குளுக்கோஸ் பாட்டிலின் ஊசி, படுக்கையில் இருக்கும் பெரியவர்களுக்குப் போடும் ஊசி எல்லாம் வீட்டுக்குள் வந்துவிட்டன. முன்பு ஆஸ்பத்திரியில் மட்டும் நடந்த வைத்தியத்தில் பாதி இன்று நம் படுக்கையறையில் நடக்கிறது. ஆஸ்பத்திரியில் அந்த ஊசியை வாங்கிப் போட ஒரு பெட்டியும், அதை எடுத்துப் போக ஒரு வண்டியும் உண்டு. வீட்டில் அந்த ஏற்பாட்டை நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

பையைத் திறக்கும் கை

காலையில் விசில் சத்தம் கேட்கிறது. வாசலில் கூடையை வைக்கிறோம், அல்லது பையை நீட்டுகிறோம். வண்டி போய்விடுகிறது. நம்மைப் பொறுத்தவரை அத்தோடு வேலை முடிந்தது. அதற்குப் பிறகு என்ன நடக்கிறது?

நமது மாநகராட்சியின் 65 வார்டுகளிலும் சேரும் குப்பை, அந்தந்தப் பகுதியில் உள்ள நுண் உரம் செயலாக்க மையங்களுக்குப் போகிறது. அங்கே மக்குவதும் மக்காததும் தனித்தனியே பிரிக்கப்படுகிறது. நாம் கலந்து கொடுத்தால், பிரிக்கும் வேலையைச் செய்வது இயந்திரம் இல்லை, மனிதக் கை. பெரும்பாலும் பெண்களின் கை. கையுறை இருந்தாலும் அது துணியோ ரப்பரோதான். ஊசி அதைக் கேட்டுக்கொண்டு நிற்காது.

இவர்களைத் தவிர, தெருவில் பிளாஸ்டிக் பொறுக்கிப் பழைய இரும்புக் கடையில் போடுபவர்கள் இருக்கிறார்கள். செப்டிக் டேங்கும் சாக்கடையும் அடைத்துக்கொண்டால் நாம் கூப்பிடும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அரியமங்கலம் கிடங்கில் பல ஆண்டுகளாகக் குவிந்த குப்பையைக் கிளறித் தரம் பிரிக்கும் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் டாய்லெட்டில் போட்ட ஊசியும், தெருக் குப்பையில் போட்ட ஊசியும் கடைசியில் இவர்களில் ஒருவரைத்தான் சந்திக்கிறது.

ஆற்றில் போட்டாலும் இதேதான். ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் தீவு. தண்ணீர் குறையும்போது ஆற்றில் போட்டதெல்லாம் மணலில் கிடக்கும். அம்மா மண்டபம் படித்துறையில் தினமும் எத்தனையோ பேர் வெறுங்காலோடு இறங்குகிறார்கள். ஆடிப் பெருக்கு அன்று குடும்பம் குடும்பமாகக் குழந்தைகளோடு வருகிறார்கள். அவர்கள் நம் அண்டை வீட்டார். அவர்கள் கால் வைக்கும் மணலில் நம் வீட்டு ஊசி இருக்கலாகாது.

நாங்கள் உதவி செய்துவரும் ஒரு பகுதியில் குப்பை வண்டியில் வேலை பார்க்கும் சகோதரி ஒருவருக்குச் சில மாதங்களுக்கு முன் பையை அழுத்தும்போது உள்ளங்கையில் ஊசி குத்திவிட்டது. அது எந்த வீட்டு ஊசி என்று யாருக்கும் தெரியாது. யாருடைய இரத்தம் அதில் இருந்தது என்றும் தெரியாது. தெரியாத காரணத்தால், மிக மோசமானது நடந்திருக்கலாம் என்று வைத்துக்கொண்டுதான் மருத்துவர்கள் அவருக்குச் சிகிச்சை கொடுக்க வேண்டியிருந்தது. 28 நாள் மாத்திரை. குமட்டல், தலைசுற்றல். பிறகு ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று இரத்தப் பரிசோதனை. இதற்கிடையில் வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது, கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா என்ற கேள்விகள். அல்ஹம்துலில்லாஹ், இதுவரை அவருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அத்தனை நாள் அவர் தூங்காமல் இருந்ததற்கு யார் பதில் சொல்வது?

ஒரு குத்தில் என்ன வரும்?

"எங்க அத்தாவுக்குச் சர்க்கரை மட்டும்தான். வேறு எந்த நோயும் இல்லை. அவர் ஊசியால் யாருக்கு என்ன?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

இரத்தத்தின் வழியாக ஊசியில் பரவக்கூடிய முக்கியமான நோய்க்கிருமிகள் மூன்று: கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, மூன்றாவது எச்.ஐ.வி. நோயுள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பை மருத்துவர்கள் ஒரு எளிய கணக்காகச் சொல்வார்கள். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி நூற்றுக்கு 30 வரை. ஹெபடைடிஸ் சி நூற்றுக்கு 3 அளவில். எச்.ஐ.வி ஆயிரத்துக்கு 3 அளவில். எச்.ஐ.வி என்றால் நாம் பயப்படுகிறோம். ஆனால் குப்பையில் கிடக்கும் ஊசியில் அதைவிடப் பயப்பட வேண்டியது மஞ்சள் காமாலை வகையைச் சேர்ந்த ஹெபடைடிஸ் பி. அந்தக் கிருமி உடம்புக்கு வெளியே, காய்ந்த இரத்தத்தில்கூட ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். அது உள்ளவர்களில் பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. ஆண்டுக்கணக்கில் தெரியாமலே இருப்பார்கள். ஆகவே "எங்களுக்கு ஒன்றுமில்லை" என்று பரிசோதனை செய்யாமல் யாரும் உறுதி சொல்ல முடியாது. சொன்னாலும், குத்துப்பட்டவருக்கு அது தெரியப்போவதில்லை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. தூக்கிப் போட்ட ஊசி திரும்பி வருவது. 2009-ஆம் ஆண்டு தொடக்கத்தில் குஜராத்தின் சாபர்காண்டா மாவட்டத்தில் மோடாசா என்ற ஊரிலும் சுற்றுப்புறத்திலும் ஹெபடைடிஸ் பி பரவிப் பலர் இறந்தார்கள். பயன்படுத்திய சிரிஞ்சுகளையே சில மருத்துவர்கள் மறுபடி பயன்படுத்தியது விசாரணையில் தெரியவந்தது. பழைய சிரிஞ்சுகளும் ஊசிகளும் மூட்டை மூட்டையாகச் சேர்த்து வைத்து விற்கப்பட்டதும் அப்போதுதான் வெளியே வந்தது. குப்பை என்று நாம் நினைப்பதற்கு விலை கொடுப்பவர் ஒருவர் இருந்தால், அது இன்னொருவர் கையில் ஏறும். சிரிஞ்சைக் குப்பை பொறுக்குபவர் கையில் கிடைக்கும்படி விடக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சட்டம் என்ன சொல்கிறது?

"இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறதா?" என்று இளைஞர் ஒருவர் கேட்டார். இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட இரண்டு விதிகளை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று, திடக்கழிவு மேலாண்மை விதிகள். 2016-இல் வந்த இந்த விதிகளின்படி ஒவ்வொரு வீட்டாரும் குப்பையை மூன்றாகப் பிரித்து வைக்க வேண்டியிருந்தது: மக்கும் குப்பை, மக்காத குப்பை, மூன்றாவதாக வீட்டு அபாயக் கழிவு. இந்த மூன்றாவதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். தீர்ந்த பேட்டரி, ட்யூப் லைட், பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து டின், காலாவதியான மாத்திரை, உடைந்த தெர்மாமீட்டர் இவற்றோடு, பயன்படுத்திய ஊசியும் சிரிஞ்சும் பெயர் சொல்லியே அதில் சேர்க்கப்பட்டிருந்தன. தெருவிலோ பொது இடத்திலோ சாக்கடையிலோ நீர்நிலையிலோ குப்பையைப் போடக்கூடாது, எரிக்கக்கூடாது, புதைக்கக்கூடாது என்றும் அதே விதி சொன்னது. ஆற்றில் போடுவதும் தெருமுனையில் கொளுத்துவதும் சட்டப்படியும் குற்றம்.

இரண்டாவது, உயிர் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள். இது முதலில் 1998-இல் வந்தது. பிறகு 2016-இல் புதுப்பிக்கப்பட்டது. ஆஸ்பத்திரிகளில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நான்கு நிறங்களில் பைகளும் பெட்டிகளும் பார்த்திருப்பீர்கள். அது இந்த விதியின்படிதான். ஊசி, பிளேடு போன்ற கூர்மையானவை வெள்ளை நிறத்தில், குத்தினால் ஓட்டை விழாத, ஒழுகாத பெட்டியில் போட வேண்டும். அந்தப் பெட்டி பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், சூட்டினால் கிருமி நீக்கப்பட்டு, துண்டாக்கப்பட்டுத்தான் முடிவடைகிறது.

இந்த விதியில் நம்மைப் போன்ற வீட்டாருக்கும் ஒரு வரி இருக்கிறது. வீட்டில் நடக்கும் வைத்தியத்தில் உண்டாகும் மருத்துவக் கழிவைத் தனியே பிரித்து, தனிப் பையிலோ பெட்டியிலோ குப்பை சேகரிப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும். அதைச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பும் ஏற்பாட்டை உள்ளாட்சி செய்துகொள்ள வேண்டும். ஆக, கடமை இரண்டு பக்கமும் இருக்கிறது.

உள்ளாட்சியின் கடமையையும் நாம் தெரிந்து கேட்க வேண்டும். வீட்டு அபாயக் கழிவைப் பெற்றுக்கொள்ள 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் அமைக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு விதி சொன்னது. திருச்சி மாநகராட்சியின் பரப்பு சுமார் 167 சதுர கிலோமீட்டர். அந்தக் கணக்கில் குறைந்தது 9 மையங்கள் வேண்டும். உங்கள் பகுதிக்கு உரிய மையம் எங்கே, எந்த நேரத்தில் வாங்குவார்கள் என்று வார்டு அலுவலகத்தில் கேளுங்கள். உங்கள் கவுன்சிலரிடம் கேளுங்கள். ஜமாஅத் லெட்டர்பேடில் எழுதிக் கேளுங்கள். தூய்மைப் பணியாளர்களுக்குக் கையுறை, காலணி, முகக்கவசம் கொடுக்க வேண்டும் என்பதும் அதே விதியில் இருந்தது. அதையும் சேர்த்துக் கேளுங்கள். நாம் கேட்பது சலுகை இல்லை.

இங்கிலாந்தில் உறவினர் உள்ளவர்களுக்குத் தெரியும், அங்கே டாக்டர் சீட்டில் இன்சுலினோடு மஞ்சள் நிற ஊசிப் பெட்டியையும் எழுதிக் கொடுப்பார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 2008 முதல் வீட்டு ஊசியைக் குப்பைத் தொட்டியில் போடுவதையே தடை செய்திருக்கிறது. நமக்கு அந்த வசதி வரும்வரை பழைய ஃபினாயில் பாட்டில் போதும். எப்படி என்று சொல்கிறோம்.

வீட்டில் செய்ய வேண்டியது

முதலாவது, ஒரு பாட்டில். கெட்டியான பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். திருகு மூடி இருக்க வேண்டும். ஃபினாயில், பாத்ரூம் கழுவும் ஆசிட், துணி துவைக்கும் லிக்விட் வரும் பாட்டில்கள் பொருத்தமானவை. நன்றாகக் கழுவிக் காயவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில், கூல்டிரிங்க்ஸ் பாட்டில் வேண்டாம், மெல்லியவை, ஊசி வெளியே வந்துவிடும். கண்ணாடி பாட்டில் வேண்டாம், உடையும். பால் கவர், கேரி பேக், அட்டைப்பெட்டி எதுவும் வேண்டாம்.

இரண்டாவது, எழுதி ஒட்டுங்கள். "பயன்படுத்திய ஊசி. திறக்க வேண்டாம்" என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, செலோடேப் போட்டு ஒட்டுங்கள். படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்படி ஒரு ஊசிப் படமும் சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறியும் போட்டுவிடுங்கள்.

மூன்றாவது, பாட்டிலை ஊசி போடும் இடத்திலேயே வையுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில், அடுப்படியிலிருந்து தள்ளி. ஊசி போட்ட கையோடு, எழுந்து நடக்காமல், ஊசி நேரே பாட்டிலுக்குள் போக வேண்டும். மேசை மேல் வைத்து, "அப்புறம் எடுத்துப் போடுவோம்" என்று விட்டால், வீட்டைப் பெருக்கும் மருமகளுக்கோ தவழும் பேரனுக்கோதான் அது குத்தும்.

நான்காவது, ஊசியைக் கையால் வளைக்காதீர்கள், உடைக்காதீர்கள். சிரிஞ்சிலிருந்து ஊசியைத் தனியே பிடுங்காதீர்கள். இன்சுலின் சிரிஞ்சை அப்படியே முழுதாகப் போட்டுவிடுங்கள். பழைய மூடியை மறுபடி மாட்டும்போதுதான் விரலில் குத்துகிறது, மூடி மாட்ட வேண்டாம். இன்சுலின் பேனா பயன்படுத்துபவர்கள் மட்டும், ஊசியோடு வந்த பெரிய வெளிமூடியை வைத்துத் திருகிக் கழற்றி, பாட்டிலில் போடுங்கள். பேனாவைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஊசியை அதிலேயே விட்டு வைக்கவும் கூடாது.

ஐந்தாவது, விரலில் குத்திப் பார்க்கும் சின்ன ஊசியும் இதே பாட்டிலுக்குத்தான். இரத்தம் பட்ட பஞ்சையும் ஸ்ட்ரிப்பையும் காகிதத்தில் மடித்துத் தனிக் கவரில் போட்டு, அபாயக் கழிவோடு சேர்த்துக் கொடுங்கள். அவற்றைப் பாட்டிலில் போட்டு இடத்தை அடைக்க வேண்டாம்.

ஆறாவது, பாட்டில் முக்கால் பங்கு நிறைந்ததும் நிறுத்திவிடுங்கள். உள்ளே தள்ளி அமுக்க வேண்டாம். மூடியை இறுகத் திருகி, அதன் மேல் டேப் சுற்றி ஒட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு அதைத் திறக்கக்கூடாது. அடுத்த பாட்டிலைத் தொடங்குங்கள்.

கொளுத்துவதைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டு நெருப்பில் பிளாஸ்டிக் எரிந்து நச்சுப் புகை வரும். ஊசியோ எரியாது. சாம்பலுக்குள் கூர்மை மாறாமல் கிடக்கும். பிறகு அந்தச் சாம்பலை அள்ளுபவர் கையில் குத்தும்.

யாரிடம் கொடுப்பது?

மூன்று வழிகள் இருக்கின்றன. வரிசையாக முயன்று பாருங்கள்.

முதல் வழி, நீங்கள் வைத்தியம் பார்க்கும் கிளினிக், ஆஸ்பத்திரி, அல்லது இரத்தம் கொடுக்கும் லேப். அவர்களிடம் ஏற்கனவே வெள்ளைப் பெட்டி இருக்கிறது. சுத்திகரிப்பு நிலையத்தின் வண்டி அவர்களிடம் வருகிறது. அடுத்த மாதம் டாக்டரைப் பார்க்கப் போகும்போது, "வீட்டில் சேர்ந்த ஊசியை உங்களிடம் கொடுக்கலாமா?" என்று கேளுங்கள். சம்மதித்தால் மூடிய பாட்டிலைக் கையில் கொடுத்துவிடுங்கள். சிலர் மறுக்கலாம். கோபப்பட வேண்டாம், கேட்பவர் கூடினால் அவர்களும் ஏற்பாடு செய்வார்கள்.

இரண்டாம் வழி, வார்டு அலுவலகம் காட்டும் அபாயக் கழிவு மையம்.

மூன்றாம் வழி, காலையில் வரும் தூய்மைப் பணியாளர். இவரிடம் கொடுக்கும்போது ஒரு நிபந்தனை. கூடைக்குள் போட்டு வாசலில் வைத்துவிட்டுப் போகக்கூடாது. நீங்களே கையில் எடுத்துக்கொண்டு வந்து, "அம்மா, இது ஊசி. தனியா வையுங்க, திறக்காதீங்க" என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். பாட்டில் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், சொல்லாமல் கொடுத்தால் பாதி பாதுகாப்புத்தான். காலி பிளாஸ்டிக் பாட்டில் என்று நினைத்து யாராவது திறந்து கொட்டிவிட்டு, பாட்டிலை மட்டும் எடுத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. அந்த ஒரு வார்த்தை சொல்லப் பத்து விநாடி ஆகுமா?

பள்ளிவாசலில் ஒரு பெட்டி வைக்கலாமா?

நல்ல எண்ணத்தோடு இளைஞர்கள் சிலர் இந்த யோசனையைக் கொண்டு வந்தார்கள். பள்ளிவாசல் வாசலிலோ நமது அலுவலகத்திலோ ஒரு பெரிய பெட்டி வைத்து, எல்லா வீட்டு ஊசியையும் சேர்த்துவிடலாம் என்றார்கள். நிர்வாகக் குழுவில் பேசினோம். வேண்டாம் என்று முடிவு செய்தோம். காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

பல வீட்டு ஊசியை ஒரு இடத்தில் சேர்த்தால், அந்த இடத்துக்குப் பொறுப்பாளர் வேண்டும், உரிய அனுமதி வேண்டும், எடுத்துப் போகும் வண்டியோடு ஒப்பந்தம் வேண்டும். மருத்துவக் கழிவைச் சேர்த்து வைக்கவும் கொண்டுபோகவும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் இல்லாமல் யாரும் இறங்கக்கூடாது. அனுமதி இல்லாமல் ஒரு பெட்டி வைத்து, அது நிரம்பி வழிந்து, ஒளு செய்ய வரும் பிள்ளைக்குக் குத்தினால் நல்ல எண்ணம் நம்மைக் காப்பாற்றாது.

அதற்குப் பதிலாக, ஏற்கனவே அனுமதியும் ஒப்பந்தமும் உள்ள மருத்துவமனை ஒன்றோடு பேசி வருகிறோம். மாதத்தில் ஒரு நாள், குறித்த நேரத்தில், அவர்களுடைய இடத்தில், அவர்களுடைய பணியாளர் மூடிய பாட்டில்களை வாங்கிக்கொள்வார். இன்ஷா அல்லாஹ், உறுதியானதும் நாளையும் இடத்தையும் இந்தப் பக்கங்களில் அறிவிப்போம். நமது இலவச மருத்துவ முகாம்களுக்கும் இதே ஒழுங்குதான். மருத்துவ முகாமும் இரத்த தான முகாமும் இந்த விதிக்குள் வருபவை. முகாம் நடத்தும் மருத்துவமனை தன் கழிவைத் தானே திரும்ப எடுத்துப் போக வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் இடம் கொடுக்கிறோம். மற்ற ஜமாஅத்துகளும் இதைப் பின்பற்றலாம்.

குத்திவிட்டால்

இவ்வளவுக்கும் பிறகு வீட்டிலோ வெளியிலோ யாருக்காவது பயன்படுத்திய ஊசி குத்திவிட்டால், பதற வேண்டாம். குத்திய இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம். வாயில் வைத்து உறிஞ்ச வேண்டாம். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்க வேண்டாம். நேரே மருத்துவமனைக்குப் போங்கள். நமக்கு மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. எச்.ஐ.வி தடுப்பு மருந்து தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார். தேவையென்றால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விடாதீர்கள்.

ஹெபடைடிஸ் பி நோய்க்குத் தடுப்பூசி இருக்கிறது. இன்று பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போடுகிறார்கள். பெரியவர்களில் பலர் போட்டதில்லை. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதத்தில் ஒன்று என மூன்று தவணை. குப்பை அள்ளும் வேலையில் இருப்பவர்களுக்கும், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இது மிகவும் அவசியம். நமது முஹல்லாக்களுக்கு வரும் தூய்மைப் பணியாளர்களுக்கு ஸதகா நிதியிலிருந்து இந்த மூன்று தவணையையும் போட உதவ முடியுமா என்று பரிசீலித்து வருகிறோம். உதவ நினைப்பவர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.

இன்னும் மூன்று இடங்கள்

ரமளானில் சஹருக்கும் நோன்பு திறந்த பிறகும் அவசரத்தில் ஊசி போடுகிறோம். தராவீஹுக்குப் போகும் பரபரப்பில் ஊசி தலையணைக்கடியில் கிடந்துவிடுகிறது. அந்த மாதத்தில் பாட்டிலைக் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள்.

ஹஜ், உம்ரா செல்பவர்களும், கல்யாணத்துக்கு வெளியூர் போகிறவர்களும் ஒரு சின்ன கெட்டி டப்பாவைக் கையோடு கொண்டுபோங்கள். ரயில் கழிப்பறையிலோ தங்கும் அறையின் குப்பைக் கூடையிலோ ஊசியைப் போடாமல், அதில் சேர்த்துத் திரும்பக் கொண்டு வாருங்கள். மருத்துவர் சீட்டின் நகலும் கூட இருக்கட்டும்.

ஹிஜாமா செய்துகொள்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். வீட்டுக்கே வந்து செய்பவர்கள் இருக்கிறார்கள். அந்த பிளேடும் கூர்மையான மருத்துவக் கழிவுதான். புது பிளேடை உங்கள் கண் முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் பிளேடையும் இரத்தம் பட்ட பஞ்சையும் அவரே தம் பெட்டியில் போட்டு எடுத்துப் போக வேண்டும். வீட்டுக் குப்பையில் விட்டுப் போக அனுமதிக்காதீர்கள்.

சகோதர சகோதரிகளே, வழியில் கிடக்கும் இடையூறை அகற்றுவதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் ஈமானின் கிளைகளில் ஒன்றாகச் சேர்த்தார்கள் என்பது மக்தபில் நாம் படித்த பாடம். பிறர் போட்ட முள்ளை எடுப்பதற்கே அந்தச் சிறப்பு என்றால், நம் கையால் முள்ளைப் போடாமலிருப்பது எவ்வளவு முக்கியம்! நம் வாசலுக்குத் தினமும் வந்து நம் அசுத்தத்தைச் சுமந்து போகிறவர் எந்த மதத்தவராக இருந்தாலும் நமக்கு அண்டை வீட்டாரைப் போன்றவர். அவர் பத்திரமாக வீடு திரும்புவதில் நமக்கும் பங்கு இருக்கிறது.

இன்று வீட்டுக்குப் போனதும் மூன்று வேலை செய்யுங்கள். காலியான ஒரு கெட்டி பாட்டிலைத் தேடிக் கழுவி வையுங்கள். அதில் எழுதி ஒட்டுங்கள். வீட்டில் அங்கங்கே கிடக்கும் பழைய ஊசியையெல்லாம் கையால் அள்ளாமல், இடுக்கியாலோ முறத்தாலோ எடுத்து அதில் போட்டு மூடுங்கள். மாடியில் டின் வைத்திருக்கும் பெரியம்மா அதை அப்படியே மூடி டேப் சுற்றி வைக்கட்டும். நமது தொண்டர்கள் அவரை அழைத்துக்கொண்டு போய் உரிய இடத்தில் ஒப்படைத்துவிட்டு வருவார்கள். அவரைப் போல யாருக்கு உதவி வேண்டுமானாலும் அலுவலகத்தில் சொல்லுங்கள், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் ஆள் இருப்பார்கள்.

நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக. அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும், நம் தெருக்களைச் சுத்தம் செய்பவர்களுக்கும் உடல் நலத்தையும் பாதுகாப்பையும் தந்தருள்வானாக. ஆமீன்.